மாதம் 500 கிலோமீட்டர்: வடசென்னையில் மிதிக்கிறவர்களுக்கு

ஒரு மாதத்தில் சைக்கிளில் இத்தனை கிலோமீட்டர் மிதிப்பேன் என்று இலக்கு வைக்கும் மாத தூரச் சவாலில் சேருவது சுலபம். ஸ்ட்ராவா மாதிரி தூரத்தைப் பதிவுசெய்யும் செயலியில் ஒரு தட்டு தட்டினால் போதும். பேட்டையின் சைக்கிள் குழு வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டு நடத்தினால் அதில் பெயர் கொடுத்தால் போதும். முதல் தேதி பூஜ்யத்தில் ஆரம்பிக்கும், கடைசித் தேதி நள்ளிரவில் கணக்கு மூடப்படும். இந்தப் பதிவு 500 கிலோமீட்டரைக் குறிவைக்கிறவர்களுக்கு. அதிலும் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, மாதவரம் என்று துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையை மனதில் வைத்து எழுதப்படும் யோசனைகள் நமக்குப் பாதிதான் உதவும். நம் சாலையில் டிரெய்லர் வரிசை நிற்கிறது, சாம்பல் தூசி பறக்கிறது, மெட்ரோ பாலம் தலைக்கு மேல் ஓடுகிறது. இது மூன்றுக்கும் தனியாக யோசிக்க வேண்டும்.

முதலில் கணக்கு. 30 நாளில் 500 என்றால் நாளுக்கு 16.7 கிலோமீட்டர். பிப்ரவரியில் அதுவே 17.9. புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. "நாலு ஞாயிற்றுக்கிழமை, தலா நூறு, மிச்சத்தை எப்படியாவது பார்த்துக்கலாம்" என்று தொடங்குகிறார்கள். ஒரு ஞாயிறு மழை பெய்தாலோ, ஒரு கல்யாணம் வந்தாலோ மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே காலையில் போய்விடும். அதை ஈடுகட்ட அடுத்த வாரம் 150 மிதிக்கப் போய் முழங்காலைக் கெடுத்துக்கொள்வார்கள். இருபதாம் தேதிவாக்கில் பட்டியலில் பல பெயர்கள் நகராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நிற்கக்கூடிய திட்டம் வார நாட்களில் இருக்கிறது. திங்கள் ஓய்வு. செவ்வாய் முதல் வெள்ளி வரை தினம் 18, அது 72. சனி 13. ஞாயிறு 45. வாரத்துக்கு 130. 30 நாள் மாதத்தில் இது 557 வரும். அதாவது கையில் 57 கிலோமீட்டர் உபரி. மூன்று வார நாட்கள் முழுசாகப் போனாலும் 503-இல் நிற்கலாம். 18 கிலோமீட்டர் என்பது மணிக்கு 20 வேகத்தில் 54 நிமிடம். காலை 5.15-க்குக் கிளம்பினால் 6.10-க்கு வீட்டில் இருக்கலாம். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் வேலைக்கும் இடைஞ்சல் இல்லை.

போன மாதம் 100 கிலோமீட்டர் கூட மிதிக்காதவர் நேராக 500-க்குப் போகக் கூடாது. தசை சீக்கிரம் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் பழக அதைவிட அதிக நாள் எடுக்கும். இந்த மாதம் 200, அடுத்தது 350, அதற்கடுத்தது 500 என்று போங்கள். சவால் மாதாமாதம் வரும்.

மாதத்தையும் பார்த்துத்தான் இலக்கு வைக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் நமக்கு நல்ல காலம். ஜனவரிக் கடைசியில் சூரியன் 6.35 வாக்கில்தான் எழும், ஆகவே முழுச் சவாரியும் இருட்டில் போகும், விளக்கு கட்டாயம். மே கடைசியில் 5.42-க்கே விடிந்துவிடும், ஆனால் அக்னி நட்சத்திரத்தில் ஏழு மணிக்கு மேல் ஒரு கிலோமீட்டரும் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதமும் 300 வைத்தாலே மரியாதையான இலக்கு. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. திறந்து கிடக்கும் மழைநீர் வடிகாலும் தெரியாது. தேங்கிய தண்ணீருக்குள் வண்டியை விடாதீர்கள், தூரம் எவ்வளவு பாக்கியிருந்தாலும் சரி.

இனி பாதை. திருவொற்றியூர் டோல்கேட்டிலிருந்து தேரடி, விம்கோ நகர், எர்ணாவூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் போய்த் திரும்பினால் 18 முதல் 20 வரும். வார நாளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பாதை. ஆறு மணிக்கு முன்னால் நெடுஞ்சாலையில் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் குறைவு. கடலோரம் போகும் எண்ணூர் விரைவுச் சாலை பார்க்க அழகு, அலைத்தடுப்புக் கல் வரிசையும் காற்றும் இழுக்கும். ஆனால் அது கண்டெய்னர் லாரிகளின் சாலை. இருட்டில் அந்தப் பக்கம் போகவே கூடாது. பின் விளக்கு எரியாமல் ஓரமாக நிறுத்திய டிரெய்லர் பத்தடி முன்னால் வந்த பிறகுதான் தெரியும். விடிந்த பிறகு, வெளிச்சத்தில், திரும்பும்போது மட்டும் அதை எடுங்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வழியாகப் போகிறவர்கள் ஞாயிறு காலையை விட்டுவிடுங்கள். ஏலம், வாங்க வந்த கூட்டம், ஐஸ் வண்டி எல்லாம் சாலைவரை வந்து நிற்கும். மீன் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் கலந்து வழிந்த தார்ச்சாலை எண்ணெய் தடவிய மாதிரி இருக்கும்; அங்கே வண்டியைச் சாய்த்துத் திருப்பினாலோ முன் பிரேக்கை அழுத்தினாலோ சக்கரம் சறுக்கும். நேராகப் பிடித்து, மிதிக்காமல் உருள விடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு தடைக்காலத்தில் மட்டும் அந்த இடம் ஓரளவு காலியாக இருக்கும்.

பெரம்பூர், கொளத்தூர், மாதவரம்காரர்களுக்கு 200 அடிச் சாலை கைக்கு எட்டும் தூரம். ஆனால் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் தடுப்பு வைத்துச் சாலையைக் குறுக்கியிருப்பார்கள். பள்ளத்தை மூடிய இரும்புத் தகட்டின் விளிம்பு டயர் அகலத்துக்கு இடைவெளி விட்டிருக்கும். ரயில் தண்டவாளத்தைக் கடப்பது போல அதையும் குறுக்கே, நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும். சரிவாகப் போனால் சக்கரம் உள்ளே மாட்டி ஆள் தூக்கி எறியப்படுவார். ஞாயிறு 45-க்கு அந்தப் பக்கத்தினர் புழல், செங்குன்றம், சோழவரம் வழியாகக் காரனோடையில் கொசஸ்தலையாற்றுப் பாலம்வரை போய்த் திரும்பலாம். திருவொற்றியூர்ப் பக்கத்தினர் மணலி, மணலி புதுநகர், வல்லூர் வழியாக மீஞ்சூர் போய்த் திரும்பலாம். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு மட்டும் பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு. அது 90-க்கு மேல் வரும். குளிர்காலத்தில் போனால் ஏரியில் பூநாரை நிற்கும். அந்தக் காலையில் சராசரி வேகத்தைப் பார்க்காதீர்கள்.

வடக்கே போகும் இந்தப் பாதைகளில் காற்றைக் கணக்கில் வையுங்கள். வடகிழக்குப் பருவத்தில் போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும், அது நல்லது. வெயில் காலத்தில் காலையில் காற்று அடங்கியிருக்கும், பகல் ஏறினால் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழும். அப்போது களைத்த காலோடு எதிர்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும். அதனால்தான் அக்னி நட்சத்திரம் தவிர்த்த கோடை நாட்களிலும் ஒன்பது மணிக்குள் வீடு திரும்பச் சொல்வது.

டிரெய்லரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 40 அடி கண்டெய்னர் ஏற்றிய வண்டி இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது. உள்ளுக்கு வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் இடது ஓரத்தில் இடம் இருக்கிறதே என்று நுழைந்து நிற்கிறவர் அந்த வெட்டுக்குள்தான் நிற்கிறார். ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து தன் கேபினின் இடது முன்மூலை அவருக்குத் தெரியாது. அது அவர் குற்றமும் இல்லை. அவர் கண்ணாடியில் அவருடைய முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நில்லுங்கள். அவர் கிளம்பிப் போகட்டும். வரிசையாக நிற்கும் டிரெய்லர்களை ஒட்டிப் போகும்போது நடுவிலிருந்து கிளீனர் இறங்கலாம், கதவு திறக்கலாம். ஒரு கதவு அகலம் தள்ளியே போங்கள். முன்னால் 300 லூமென் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, காலில் ஒளிரும் பட்டை. மிதிக்கும்போது பட்டை மேலும் கீழும் ஆடுவதால், தூரத்திலிருந்தே இது சைக்கிள் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும்.

பஞ்சருக்கும் அதே டிரெய்லர்தான் முக்கியக் காரணம். கண்ணாடித் துண்டை எல்லோரும் பார்ப்பார்கள். நம் சாலையில் அதைவிட மோசமானது தேய்ந்து வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் எஃகுக் கம்பி. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், நீளம் அரை சென்டிமீட்டர், தார் நிறத்திலேயே கிடக்கும். டயருக்குள் ஏறியவுடன் காற்று இறங்காது. ராத்திரி நிறுத்தினால் காலையில் பாதியாக இருக்கும். டியூபை மாற்றினால் அடுத்த நாளும் அதே கதை, ஏனென்றால் கம்பி இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது. டயரைக் கழற்றி உள்பக்கம் முழுக்க ஒரு பஞ்சையோ பழைய பனியன் துணியையோ மெதுவாக ஓட்டுங்கள். நூல் எங்கே இழுபடுகிறதோ அங்கே கம்பி. விரலால் தேடாதீர்கள், கிழித்துவிடும். வெளியிலிருந்து முனை தெரியாவிட்டால், டயரை அந்த இடத்தில் வெளிப்பக்கமாக மடித்தால் முனை எழும்பும். நகம்வெட்டியின் வாயால் பிடித்து இழுத்துவிடலாம். டியூபின் வால்வை டயரில் அச்சடித்த பெயருக்கு நேராக வைத்து மாட்டும் பழக்கம் இருந்தால் இந்தத் தேடல் இன்னும் சுலபம். டியூபில் ஓட்டை எந்த இடம் என்று பார்த்து, டயரில் அதற்கு நேரான இடத்தை மட்டும் தடவினால் போதும். மீஞ்சூர் தாண்டினால் சீமைக்கருவேல முள். அது உடைந்து நுனி மட்டும் உள்ளே தங்கும். தேடும் முறை அதேதான்.

இன்னொரு விஷயம் தெரியாமல் பலர் வழியில் தவிக்கிறார்கள். சாலையோரப் பஞ்சர் கடையில் கிடைக்கும் 28-க்கு ஒன்றரை டியூப் பழைய பெரிய சைக்கிளுக்கானது. அதன் ரிம் 635 மில்லிமீட்டர். 700சி எனப்படும் ஹைபிரிட், ரோடு வண்டிகளின் ரிம் 622. மெல்லிய ரோடு டயருக்கு அந்த டியூப் தடிமன், வால்வும் வேறு. பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வு உள்ள வண்டிக்குப் பித்தளை அடாப்டர் ஒன்று இல்லாமல் கடைப் பம்பில் காற்று ஏறாது. ஆகவே சீட்டுக்கு அடியில் உள்ள பையில் உங்கள் அளவில் இரண்டு டியூப், இரண்டு டயர் நெம்புகோல், பேட்ச், சொல்யூஷன், அடாப்டர், கைப்பம்பு ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 35 மில்லிமீட்டர் டயரில் 50 முதல் 60 பிஎஸ்ஐ காற்றழுத்தம், 25 மில்லிமீட்டரில் 80 முதல் 95, 26 அங்குல எம்டிபியில், அதாவது மலைப்பாதை சைக்கிளில், 35 முதல் 45. வாரம் ஒருமுறை காற்றைச் சரிபாருங்கள். குறைந்த காற்றில் பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் பள்ள விளிம்புக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். அப்படி இரட்டை ஓட்டை பார்த்தால் முள்ளைத் தேட வேண்டியதில்லை, காற்றைக் கூட்ட வேண்டும்.

500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினை அளந்துவிடுங்கள். இந்தச் சவாலே அதற்கு நல்ல நினைவூட்டல். ஒரு இரும்பு ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு ரிவிட்டின் நடுவில் வைத்து 24 கண்ணி எண்ணுங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடி 306.4-ஐத் தொட்டால், கியர் நிறைய உள்ள வண்டிகளில் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு நூல் கூடும்வரை விட்டால் செயின் பற்களையும் தின்றிருக்கும். பிறகு புதுச் செயின் போட்டாலும் அழுத்தி மிதிக்கும்போது குதிக்கும், கேசட் எனப்படும் பின்பல் அடுக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். தென்சென்னையில் செயின் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள். கடல் உப்பு துரு ஏற்றும். வல்லூர், அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும் எண்ணெயோடு கலந்து கறுப்புப் பசையாகி, உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். எண்ணெயை ஊற்றுவது இதற்கு மருந்தாகாது, இன்னும் தூசியைப் பிடிக்கும். ஒவ்வொரு கண்ணியின் உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிப் பத்து சுற்று, பத்து நிமிடம் ஊற விட்டு, வெளிப்புறம் காயும்வரை துணியால் துடையுங்கள். கறுத்துப் போயிருந்தால் முதலில் டீசல் நனைத்த பிரஷ்ஷால் கழுவிக் காயவிட வேண்டும். ரிம் பிரேக் வண்டியானால் டீசல் ரிம்மில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ரிம் கோட்டம் பார்ப்பது, வருடம் ஒருமுறை ஓவராயில். அவ்வளவு போதும்.

கியர் இல்லாத பெரிய சைக்கிளில் 500 முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. முடியும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள வண்டியில் ஒரு மிதிச்சுற்றுக்குச் சுமார் 5.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19-க்கு மேல். நம் பக்கம் மேடு என்பது மேம்பாலம் மட்டும்தான். அதில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் தூரம் தூரம்தான்.

முழங்கால் வலிக்கு முதல் சந்தேகம் சீட் உயரம். கால் இடுக்கிலிருந்து தரைவரை செருப்பில்லாமல் அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6. பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் (பாட்டம் பிராக்கெட்) மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்புவரை, சீட் குழாயை ஒட்டி இந்த அளவு இருக்கட்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. ஒரே தடவையில் அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாமல் இரண்டு நாள் மிதித்துப் பாருங்கள். சுண்டுவிரல் மரத்துப்போனால் கைப்பிடியில் சாய்ந்து அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். பேடு வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது, தையல் உரசித்தான் புண் வருகிறது. அந்த ஷார்ட்ஸைத் துவைக்காமல் மறுநாள் போடவும் கூடாது.

வார நாள் 18 கிலோமீட்டருக்குச் சாப்பாடு தேவையில்லை, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஞாயிறுக்குத்தான் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. தண்ணீர் மணிக்கு 500 முதல் 750 மில்லி. கோடையில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் போதாது, ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் எழுதியபடி ஒரு லிட்டரில் கரையுங்கள். பாதித் தண்ணீரில் முழுப் பாக்கெட்டைக் கரைப்பது தவறு. வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். மணலி, எண்ணூர்க் காற்றில் வாசனை தூக்கலாக இருக்கும் நாளில் திரும்பிவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று உள்ளே போகிறது, நன்றாக மிதிக்கும்போது 40-க்கு மேல். அதைக் கணக்கில் வைத்துத்தான் உபரி 57.

கடைசியாகத் தூரத்தைப் பதிவுசெய்வது. புது வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை மெட்ரோ மேம்பாலத்துக்கு அடியிலேயே போகிறோம். அங்கே ஜிபிஎஸ் கோடு சாலையின் இருபக்கமும் ஆடும், தூரம் கூடவோ குறையவோ செய்யும். கைபேசியில் பேட்டரி சேமிப்பு முறை இயங்கினால் செயலி பின்னணியில் உறங்கிவிடும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்கு ஒரே நேர்க்கோடு விழுந்திருக்கும். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். சக்கரச் சுற்றை எண்ணும் உணரி வாங்கினால் டயர் சுற்றளவைக் கையால் அளந்து போடுங்கள்: வால்வு தரையை நோக்கும்போது ஒரு சாக்பீஸ் கோடு, சீட்டில் ஆள் உட்கார்ந்தபடி ஒரு முழுச் சுற்று, இன்னொரு கோடு, நடுவில் டேப். 35 மில்லிமீட்டர் டயருக்கு 2168 மில்லிமீட்டர் வாக்கில் வரும். வேறு அளவு டயரின் 2096 அதில் இருந்துவிட்டால் மாதக் கடைசியில் சுமார் 17 கிலோமீட்டர் குறைவாகக் காட்டும். நீங்கள் மிதித்தது, கணக்கில் ஏறாதது. கையால் தட்டிப் போட்ட தூரத்தைப் பல சவால்கள் ஏற்பதில்லை. வண்டியை நிறுத்தி வைத்து மிதிக்கும் வீட்டு டிரெய்னரில் மிதித்ததையும் சில ஏற்பதில்லை. சேரும்போதே விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

28-ஆம் தேதி 40 பாக்கி என்றால் இரண்டு காலை, தலா 20. 30-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு 12 பாக்கி என்றால் எண்ணூர்ச் சாலைக்கோ மணலிக்கோ கிளம்பாதீர்கள், அந்த நேரம் டிரெய்லர்களுடையது. விளக்கு நன்றாக எரியும் உள்தெருக்களில் ஒரு கிலோமீட்டர் சுற்றாகப் பன்னிரண்டு முறை போங்கள், அல்லது இந்த மாதத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சவாரியையும் அன்றிரவே பதிவேற்றி, 'நடை' என்றோ 'ஓட்டம்' என்றோ தவறாக விழுந்திருந்தால் 'சைக்கிள்' என்று மாற்றுங்கள். 500.1-இல் நிறுத்தவும் வேண்டாம். பதிவேற்றிய பிறகு செயலி கோட்டைச் சீர்செய்து தூரத்தைக் கொஞ்சம் குறைப்பதுண்டு, 499.6 என்று காட்டினால் பட்டியலில் பெயர் ஏறாது. 505 தாண்டிய பிறகு வண்டியைத் துடைத்து வையுங்கள்.